துருப்பிடிக்காத இருபத்து மூன்று

புதுச்சேரி சாரத்தில் இராமதாஸ் வீட்டு இரும்பு பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். இன்னொன்று எங்கே இருக்கிறதென்று நாற்பத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய சின்னப்பாப்பாவுக்கே தெரியாது. உள்ளே நகையும் இல்லை, வீட்டுப் பத்திரமும் இல்லை. அதெல்லாம் சமையலறைத் தகர டின்னில் சாதாரணமாகக் கிடக்கின்றன. பீரோவுக்குள் இருப்பது காமிக்ஸ் புத்தகம்.

செம்பருந்து காமிக்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. கடலுக்கடியில் சண்டை போடும் கடற்கொம்பன் என்ற வீரனுடைய கதையை மாதம் ஒன்றாகப் போட்டார்கள். அறுபத்து நாலாம் நம்பரோடு கடையைக் கட்டிவிட்டார்கள். அந்தக் கதைகளைப் படித்தவர்கள் புதுச்சேரியில் ஆயிரம் பேர் இருப்பார்கள். இன்னும் வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் தேறலாம். அச்சாபீசை விட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருப்பவர் இராமதாஸ் ஒருவர்தான். இதைச் சொல்கிறவரும் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பார்த்ததில்லை.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகு காமிக்ஸ் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். மற்றப் புத்தகங்களை அவர் நம்பியதில்லை. வெறும் எழுத்து என்ன வேண்டுமானாலும் சொல்லும். காமிக்ஸில் எழுத்து பொய் சொன்னால் பக்கத்திலேயே படம் காட்டிக் கொடுத்துவிடும்.

மில்லில் அவருக்குத் துணி சோதிக்கிற வேலை. தறியிலிருந்து வந்த துணி சாய்வு மேசைமேல் ஓடும். இழை விட்டது, எண்ணெய் பட்டது, முடிச்சு விழுந்தது எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடிக்க வேண்டும். குறை இல்லாதது பிரெஷ். சின்னக் குறை உள்ளது செகண்ட்ஸ். மற்றது கழிவு. முப்பத்தோரு வருஷம் அந்த மேசைக்கு முன்னால் நின்றவர், காமிக்ஸையும் அதே கண்ணால்தான் பார்த்தார்.

அந்தக் காலத்தில் முல்லா வீதியில் அப்துல் மாலிக்கின் புத்தகக் கடைக்குத்தான் செம்பருந்துக் கட்டு வரும். வருகிற அன்றைக்கே இராமதாஸ் போய் நின்றுவிடுவார். கட்டின் மேலே இருக்கிற நாலும் கீழே இருக்கிற நாலும் வேண்டாம், அதில் சணல் கயிற்றின் தழும்பு இருக்கும். நடுவிலிருந்து ஆறு புத்தகத்தை உருவி, வெயிலில் சாய்த்துப் பார்த்து, அதில் ஒன்றை எடுப்பார். “பொண்ணு பாக்கறவன்கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்” என்பார் மாலிக். இராமதாஸ் அடுத்த புத்தகத்தைச் சாய்ப்பார்.

வீட்டுக்கு வந்தால் வேலை அதோடு முடியாது. காடாத் துணியைக் கஞ்சி போக மூன்று தடவை அலசி, காயவைத்து, அளவாக உறை தைத்து வைத்திருப்பார். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். உறைக்குள் புத்தகத்தைப் படுக்கை வாட்டில் வைத்து, கூடவே ஒரு சீட்டு வைப்பார். சீட்டில் நம்பர், தரம், குறை இருந்தால் எந்த இடத்தில் என்ற விவரம். அவருடைய மகன் செம்மல் ஒருமுறை போனில் பார்த்துவிட்டு, இப்போது இதற்கெல்லாம் பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு என்று மார்க் போடுகிறார்கள் என்றான். “மிச்சம் புள்ளி ரெண்டு எங்க போச்சுன்னு எழுதியிருக்கானா?” என்று கேட்டார். எழுதவில்லை என்றான். “அப்புறம் என்னா மார்க்கு” என்று முடித்துவிட்டார்.

இதெல்லாம் செய்தாலும் புதுச்சேரியில் ஒரு காமிக்ஸைக் கொல்வதற்குக் கடல் காற்று ஒன்று போதும். தாளைத் தைத்திருக்கிற பின் முதலில் மங்கும். அப்புறம் துருப்பிடிக்கும். துரு தாளில் இறங்கிப் பழுப்பாகப் படரும். கடைசியில் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். இதற்கு இராமதாஸ் ஒரு வழி வைத்திருந்தார். பீரோவின் அடித்தட்டில் ஒரு மண்தட்டு, அதில் சுட்ட சுண்ணாம்புக் கல். கல் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து ஒரு மாதத்தில் நீறித் தூளாகும். மாதம் பிறந்தால் தூளைக் கொட்டிவிட்டுப் புதுக் கல் வைக்க வேண்டும். அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பீரோவில் ஒரு பின்கூடச் சிவக்கவில்லை, ஏற்கெனவே சிவந்து வந்த ஒன்றே ஒன்றைத் தவிர. இந்த ரகசியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கல் வாங்குகிற கடைக்காரர் கேட்டால் வெற்றிலைக்கு என்பார். அவர் வெற்றிலை போடுவதில்லை.

இவ்வளவு இருந்தும் அவருக்குச் சரியாகச் சோறு இறங்காததற்குக் காரணம் இருபத்து மூன்றாம் நம்பர். அந்த மாதம் மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்தபோது கட்டு தீர்ந்துவிட்டது. பின்னால் கிடைத்தது ஒரு வாடகை நூலகப் புத்தகம். அட்டையில் வயலட் ரப்பர் ஸ்டாம்பு, நடுப்பக்கத்தில் டீ வட்டம். கழிவு. அறுபத்து மூன்று நல்ல புத்தகத்துக்கு நடுவில் அது பல் விழுந்த இடம்போல உட்கார்ந்திருந்தது. “இருபத்து மூணு வந்துச்சா?” என்று மாதாமாதம் மாலிக்கைக் கேட்பார். “வரல” என்பார் மாலிக். கேள்வியும் பதிலும் நாற்பது வருஷத்துக்கு மேல் மாறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாலிக் இறந்துபோனார். கேட்க ஆள் இல்லை. கேட்காமல் விட்டார்.

இந்த மாதப் பிறப்பு செவ்வாய்க்கிழமை. முல்லா வீதியில் சுண்ணாம்புக் கல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். எதிர்க் கடையிலிருந்து மாலிக்கின் மகள் அரீபா கூப்பிட்டாள். நாற்பது வயதுக்காரி. அப்பாவுக்குப் பிறகு கடையை அவள்தான் பார்க்கிறாள்.

“மாமா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. அத்தாவோட டிரங்குப் பொட்டிய இப்பத்தான் தொறந்தேன்.”

“நான் பழைய சரக்கு எதுவும் வாங்கறதில்ல.”

“வாங்க வேணாம். பாருங்க.”

டிரங்குப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ தூள். அதன்மேல் ஒரு மரப்பலகை. பலகைமேல் ஒரு காமிக்ஸ். மஞ்சள் வானம், சிவப்புப் படகு, படகுக்குக் கீழே கொம்பன். இருபத்து மூன்று.

இராமதாஸ் கை கழுவத் தண்ணீர் கேட்டார். தோள் துண்டை விட்டுவிட்டு, பையிலிருந்த தனித் துண்டில் துடைத்தார். புத்தகத்தை உள்ளங்கைகளில் ஏந்தி வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தார். முதுகில் ஒரு வெடிப்பு இல்லை. நாலு முனையும் கத்திபோல நின்றன. ஓரத்தில் கை அழுக்கு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்களைப் பார்த்தார். இரண்டும் பளபளவென்று இருந்தன.

அங்கேதான் அவர் மனசு திரும்பியது.

“இத எங்க அச்சடிச்சாங்கம்மா?”

“என்னா மாமா கேக்கறீங்க?”

“கடல் இங்கேருந்து கூப்புடு தூரம். நாப்பது வருஷத்துக்கு மேல ஆவுது. பின்னு நேத்து அடிச்ச மாதிரி இருக்குது. முப்பத்தோரு வருஷம் துணி பாத்தவன் நான். குறையே இல்லாம ஒண்ணு வந்தா, பாத்தவன் கண்ணுலதான் குறை. இது புதுசா அச்சடிச்சது. பொட்டியில பூச்சி மருந்த வேற கொட்டி, பழசு மாதிரி வச்சிருக்காங்க.”

அரீபாவின் முகம் இறுகியது. “எங்க அத்தா வச்சிருந்தது மாமா.”

“உங்க அத்தாவயும் எவனாச்சும் ஏமாத்தியிருப்பான்.”

“அவரு போலி வித்ததா இந்த வீதியில ஒருத்தர் சொன்னதில்ல. நாப்பது வருஷம் அவரு கடைக்கு வந்து வாங்குன மனுஷன் நீங்க சொல்றீங்க.”

“வாங்குனேன். சும்மா வாங்கல.”

அவள் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்தாள். “செம்பருந்து சேக்கற நெடுமாறன் சாரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு. அவருக்குக் குடுத்துடறேன்.”

“குடு. அவருக்கு இது போதும்.”

பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தார். ஏமாறவில்லை என்கிற பெருமை. கதவைச் சாத்திக்கொண்டு பீரோவைத் திறந்து, மண்தட்டை வெளியே எடுத்தார். சின்னப்பாப்பா கதவுக்கு அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நடந்ததைச் சத்தமாகச் சொன்னார்.

“பின்னு துரு புடிக்கலன்னா போலியா?” என்று கேட்டாள் அவள்.

“பின்ன?”

“உன்னுது எதாச்சும் புடிச்சிருக்குதா?”

“என்னுது வேற. நான் வச்சிருக்கற மாதிரி எவன் வச்சிருக்கான்?”

“ஆமாய்யா, ஊர்ல உனக்கு மட்டுந்தான் கை இருக்குது. மத்தவனுக்கெல்லாம் மொண்டிக் கை.”

அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், மண்தட்டைக் கவிழ்த்தார். போன மாதத்துக் கல் நீறி வெள்ளைத் தூளாகக் காகிதத்தில் கொட்டியது. கொஞ்சம் அவர் முழங்கையில் படிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது இதே தூள். பூச்சி மருந்தென்றால் நாற்றம் அடித்திருக்கும். அதில் நாற்றமே இல்லை. அதன்மேல் பலகை வைத்து, பலகைமேல் புத்தகம்.

டீ வட்டம் போட்ட தன் இருபத்து மூன்றை எடுத்து விரித்தார். அவருக்குப் பக்கம் பக்கமாகத் தெரிந்த புத்தகம். பதினாலாம் பக்கத்தில் நிலாவுக்குக் குறுக்கே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அச்சுப் போடும்போது பிளாக்கில் ஏதோ முடி ஒட்டியிருக்க வேண்டும். துணியில் இழை விட்டதுபோல இருக்கும். அந்தப் பதிப்பில் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற அடையாளம். காலையில் அட்டையையும் பின்னையும் பார்த்தவர் உள்ளே திறக்கவே இல்லை. திறந்தால் முதுகு வெடித்துவிடுமே என்று, போலி என்று சொன்ன புத்தகத்துக்குக்கூடப் பயந்திருக்கிறார்.

“என்னா சத்தத்தயே காணோம்?” என்றாள் சின்னப்பாப்பா.

“ஒண்ணுமில்ல.”

“அப்ப தப்பு பண்ணிட்ட.”

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றார். அரீபா நிமிர்ந்து பார்த்துவிட்டு, தூசி தட்டுவதைத் தொடர்ந்தாள்.

“அந்தப் புஸ்தகத்துல பதினாலாம் பக்கம் பாக்கணும்.”

“இல்ல. நேத்து சாயந்திரமே நெடுமாறன் சாரு வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு.”

இராமதாஸ் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்தார். இதற்குமுன் அவர் அந்தக் கடையில் உட்கார்ந்ததில்லை. “அந்தப் பொட்டியில இருந்தது சுண்ணாம்பா?”

“மாசாமாசம் எதிர்க் கடையில கல்லு வாங்கறீங்கல்ல. வெத்தல போடாத ஆளு எதுக்கு வாங்கறான்னு அத்தாவுக்கு ரொம்ப நாளா யோசன. ஒரு நா கண்டுபுடிச்சிட்டாரு. அன்னிக்கிப் பூரா சிரிச்சிக்கிட்டு இருந்தாராம். அம்மா சொல்லும். அப்பலேருந்து நீங்க வாங்கிட்டுப் போன மறுநாளே அவரும் வாங்குவாரு. அவரு போனதுக்கப்புறம் அம்மாதான் பொட்டியப் பாத்துக்கிச்சு. போன வாரந்தான் எனக்குச் சாவி குடுத்துச்சு.”

“அப்ப எங்கிட்ட வரலன்னு சொன்னது?”

அரீபா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “குடுத்துட்டா அந்த ஆளு அப்புறம் கடைப் பக்கம் வர மாட்டான்னு சொல்லுவாரு. எனக்கப்புறம் குடுத்துடுன்னும் சொன்னாரு. அதச் சொல்லத்தான் நேத்து கூப்புட்டேன். நீங்க எங்க சொல்ல விட்டீங்க?”

இராமதாஸ் காலி டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். நாற்பது வருஷம் ஒருத்தன் தன்னை ஏமாற்றியிருக்கிறான். அவன்மேல் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் சந்தேகப்பட்ட விஷயம் தப்பு.

“நேத்து நான் சொன்னது தப்பு” என்றார். “உங்க அத்தா சரக்குல போலி இல்ல.”

அவள் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “இருபத்தொண்ணுலேருந்து முப்பது வரைக்கும் நெடுமாறன் சாரு பைண்டிங் போடாம வச்சிருந்தாரு. இது ஒண்ணுதான் பாக்கியாம். இன்னிக்கிப் பதினோரு மணிக்கு பைண்டர்கிட்ட எடுத்துட்டுப் போறேன்னாரு.”

இராமதாஸ் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். பைண்டர் என்றால் பத்துப் புத்தகத்தையும் ஒன்றாக அடுக்கி, முதுகில் ஊசி போட்டு, மூன்று பக்கமும் கத்தி வைப்பான். ஊரில் பாதிப் பேர் தங்கள் காமிக்ஸைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அப்படித்தான் அழித்தார்கள். கடிகாரம் ஒன்பதரை. நெடுமாறன் வீடு லாஸ்பேட்டையில். பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எழுபத்திரண்டு வயதில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியுமானால்.

நெடுமாறன் மேரியில், அதாவது நகராட்சியில், குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னறையில் கண்ணாடி அலமாரி. அதற்குள் சிவப்பு காலிகோ போட்டு, தங்க எழுத்தில் பேர் அடித்த ஐந்து தொகுதிகள். மேசைமேல் ஒரு கட்டு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. கயிறு மேலே இருந்த இருபத்தொன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க ராமதாஸ். போலி புஸ்தகம் பாக்க வந்தீங்களா?”

“அது போலி இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்.” ஒரே நாளில் இரண்டாம் தடவை. முதல் தடவை அளவுக்குக் கஷ்டமாக இல்லை. “பதினாலாம் பக்கம் நெலா மேல கோடு இருக்கும். பாருங்க.”

நெடுமாறன் கட்டை அவிழ்க்கவில்லை. “நேத்தே பாத்தேன். இருக்குது. அதனால?”

“அத பைண்டிங் போடக்கூடாது. பணம் என்னான்னு சொல்லுங்க.”

“பணம் எதுக்கு? எனக்குப் பென்ஷன் வருது.”

“ஓரத்துல கத்தி பட்டா புஸ்தகம் போச்சு சார். பிரெஷ்ஷா ஒண்ணு இந்த ஊர்ல இது ஒண்ணுதான்.”

“கதை போவாதே. நான் கதைக்காகச் சேக்கறேன். நீங்க பின்னுக்காகச் சேக்கறீங்க.”

இராமதாஸ் கட்டின் முடிச்சைப் பார்த்தார். கதையும் எனக்குத்தான் தெரியும் என்று சொல்ல நினைத்தார்.

நெடுமாறன் பேப்பரை மடித்து வைத்தார். “உங்ககிட்ட ஒண்ணாம் நம்பர் இருக்குதுன்னு மாலிக் பாய் சொன்னாரு. எனக்கு ரெண்டுலேருந்துதான். கொம்பன் எப்படிக் கடலுக்குள்ள போனான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. அத நான் படிக்கணும்.”

“வாயால சொல்றேன். கேட்டுக்கங்க.”

“என் கையால எடுத்துப் படிக்கணும். படிச்சா இருபத்து மூணு உங்களுக்கு.”

இராமதாஸ் அந்தக் கட்டை விரலைப் பார்த்தார். இன்னும் ஈரம் காயவில்லை.

“காமிக்ஸ் வாட்ஸாப் குரூப்புல என்னா பேசிக்கறாங்க தெரியுமா?” என்றார் நெடுமாறன். “சாரத்து பீரோவுல பழைய பேப்பர்தான் இருக்குதாம். அதான் எவனுக்கும் தொறக்க மாட்டேங்கறாராம்.”

“எவன் சொன்னான்?”

“யாரு சொன்னா என்னா? யாருதான் பாத்தாங்க?”

இராமதாஸ் எழுந்தார். இரண்டு காரியத்தில் ஒன்றைச் செய்ய வேண்டும். திரும்பிப் போனால் பீரோ பத்திரம், இருபத்து மூன்று கத்திக்கு. இல்லாவிட்டால் இந்த எச்சில் விரல் தன் ஒன்றாம் நம்பரைத் தொடும். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“ஞாயித்துக்கெழம காலைல வாங்க. அரீபாவயும் கூப்புடறேன். இப்ப அந்தச் சணல அவுருங்க, மேல இருக்கறதுக்குத் தழும்பு விழுவுது.”

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறைக் கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் தனித் துண்டும். நெடுமாறன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார், பாக்கெட்டில் பூதக்கண்ணாடி. கையில் காகித உறைக்குள் இருபத்து மூன்று. அரீபா பின்னால் வந்தாள். இருவரும் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்மாதிரி கை கழுவினார்கள். சின்னப்பாப்பா டீ கொண்டுவந்தாள்.

“டீ வெளியில” என்றார் இராமதாஸ்.

“நானும் வெளியிலயா?”

அவர் ஒரு கணம் யோசித்தார். “கிளாச வச்சிட்டு வா.”

அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். காடா உறைகள் எட்டுத் தட்டில், தட்டுக்கு எட்டாக அடுக்கியிருந்தன. அடியில் மண்தட்டில் வெள்ளைக் கல். சின்னப்பாப்பாதான் முதலில் பேசினாள்.

“என் கல்யாணப் பொடவைய இப்படி வச்சிருந்தா இன்னும் கட்டியிருப்பேன்.”

இராமதாஸ் ஒவ்வொன்றாக எடுத்து வேட்டிமேல் வைத்தார். நெடுமாறன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு முதுகு, முனை, பின் என்று பார்த்தார். குறை கண்டுபிடிக்கவே வந்தவர்மாதிரி பார்த்தார். பத்துப் பார்த்தார், இருபது பார்த்தார். பூதக்கண்ணாடி மெள்ள மெள்ளக் கீழே இறங்கியது, வெறும் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். நாற்பத்தொன்றாம் நம்பரில் அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது.

“இங்க ஒண்ணு இருக்குது. கீழ்ப் பின்னுல துரு.”

“எடது காலுல. கடுகுல பாதி” என்றார் இராமதாஸ் பார்க்காமலே. “சீட்ட எடுத்துப் படிங்க.”

நெடுமாறன் உறைக்குள்ளிருந்து சீட்டை எடுத்தார். கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: ‘41. செகண்ட்ஸ். கீழ்ப் பின், இடது கால், கடுகில் பாதி துரு. வாங்கும்போதே இருந்தது.’ அதைப் படித்துவிட்டுச் சீட்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மேரியில முப்பத்தஞ்சு வருஷம் பைல் பாத்திருக்கேன்” என்றார். “தன்னோட குறைய தானே எழுதி வச்ச பைல் ஒண்ணுகூடப் பாத்ததில்ல.”

இராமதாஸ் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. அதைச் சின்னப்பாப்பா பார்த்துவிட்டாள்.

கடைசியில் ஒன்றாம் நம்பர். நெடுமாறன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்தைப் படித்தார். முத்துக்குளிக்கிற ஊர், கொம்பனின் அண்ணன், காணாமல்போன படகு. படிக்கப் படிக்க அவருக்கு எதிரில் இருக்கிறவர்கள் மறந்துபோனார்கள். பக்கம் முடிந்தது. கட்டை விரல் தன்னால் எழுந்து வாய்க்குப் போனது.

இராமதாஸ் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். எழுபத்திரண்டு வயதுக் கை, ஆனால் துணிச் சுருள் தூக்கின கை. நெடுமாறனால் அசைக்க முடியவில்லை.

“என் கையாலன்னு பேசினோம்” என்றார் நெடுமாறன்.

“உங்க கையிலதான் இருக்குது. பக்கம் மட்டும் நான் திருப்பறேன். நீங்க படிங்க.”

நெடுமாறன் தன் விரலைப் பார்த்தார். அது நாக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்ததென்று அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. “முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்” என்று சொல்லிக்கொண்டே விரலைக் கட்டிலில் விரித்திருந்த வேட்டியில் துடைக்கப் போனார். “அதுலயும் துடைக்காதீங்க” என்றாள் அரீபா. அவள் அப்பா குரல் அப்படியே வந்தது.

நெடுமாறன் ஏந்தியபடி படித்தார். இராமதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, மேல் முனையில் விரல் நுனியை வைத்து, தாளுக்கே தெரியாதமாதிரி திருப்பினார். மூன்றாம் பக்கத்திலிருந்து நெடுமாறன் வாய்விட்டே படிக்க ஆரம்பித்தார். ஆபீசில் சுற்றறிக்கை வாசிக்கிற குரல். அந்தக் குரலில்கூடக் கதை நன்றாகத்தான் இருந்தது. அடுத்து என்ன வரும் என்பது இராமதாஸுக்கு மனப்பாடம். சத்தம் வராமல் அவர் உதடும் கூடவே அசைந்தது. கொம்பன் கல்லைக் கட்டிக்கொண்டு குதிக்கிற பக்கம் வந்ததும் நெடுமாறன் நிறுத்திவிட்டார்.

“திருப்பட்டுமா?”

“இருங்க” என்றார் நெடுமாறன். “இருங்க. நாப்பது வருஷமா இதத்தான் நெனச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

இராமதாஸ் இருந்தார்.

படித்து முடித்ததும் நெடுமாறன் காகித உறையை நீட்டினார். இராமதாஸ் மறுபடி கை கழுவிவிட்டு வந்து இருபத்து மூன்றை எடுத்தார். வெயிலில் சாய்த்தார். பதினாலாம் பக்கத்தை விரற்கடை அளவு திறந்து பார்த்தார். நிலாவின்மேல் கோடு இருந்தது. பின்கள் பளபளத்தன. நம்பியும்கூட இன்னொரு தடவை பார்த்தார். ரப்பர் ஸ்டாம்பு போட்ட பழையதை எடுத்து அரீபாவிடம் கொடுத்தார். “கடையில போடு. கழிவுன்னு சொல்லி வித்துடு.”

பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்று சின்னப்பாப்பா வெளியே போய் மூடிவிட்டு வந்தாள். அரீபா எட்டிப் பார்த்தாள்.

“எங்க அத்தா ஏமாத்துனாருன்னு எழுதப் போறீங்களா மாமா?”

“குறை புஸ்தகத்துல இருந்தாத்தான் எழுதுவேன். ஆளுல இருந்தா எழுத மாட்டேன்.”

எழுத்தெழுத்தாக எழுதினார். ‘23. பிரெஷ். குறை இல்லை. வைத்திருந்தவர் அப்துல் மாலிக்.’ கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அப்புறம் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘சுண்ணாம்புக் கல் முறை இராமதாஸுடையது.’

காடா உறையில் போட்டு மூன்றாம் தட்டில், இருபத்திரண்டுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில் செருகினார். எட்டுத் தட்டிலும் இப்போது பல் விழுந்த இடம் இல்லை. கதவை உடனே சாத்தவில்லை. நாலு பேரும் பார்க்கும்படி கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தார்.

நெடுமாறன் செருப்பைப் போட்டுக்கொண்டவர் தயங்கினார். “பாக்கி ஒம்பதும் இன்னும் பைண்டிங் போடாமதான் கெடக்குது. அந்தச் சுண்ணாம்புக் கல்லு எந்தக் கடையில வாங்கறீங்க?”

இராமதாஸ் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், மேசைமேல் ஓடுகிற துணியைப் பார்ப்பதுபோல.

“முல்லா வீதியில. அரீபா கடைக்கு எதிர்ல. கல்லு ஒடையாம முழுசா கேட்டு வாங்குங்க. பாக்காம வாங்குனா தூளக் கட்டிக் குடுத்துடுவான்.”